வெட்டின நாலு வரி

அந்த நாலு வரிய அழிச்சது நான் இல்ல சார். நீங்க நூறு தடவ கேட்டாலும் நூத்தியோராவது தடவையும் இதத்தான் சொல்லுவேன். சர்வர் ஹிஸ்டரில என் பேரு இருக்குங்கீய, இருக்கு, யாரு இல்லன்னா? அந்த லேப்புல ஒரு பல்லி மேலேர்ந்து விழுந்து கீபோர்டுல ஓடுனாக்கூட இசக்கியம்மாள்னுதான் பதியும். ஏன்னா சர்வர மொதமொத ஏத்துனது நான், மொத லாகின் போட்டது நான், அதையே எல்லாரும் வச்சுக்கிடட்டும்னு விட்டது நீங்க. ஆளுக்கொரு லாகின் போடுவோம் சார்னு ரெண்டு தடவ வந்து நின்னேன். ஈய வெரட்டுத மாதிரி கைய ஆட்டுனீய. பாஸ்வேர்டு துண்டுச் சீட்டுல எழுதி மானிட்டருக்கு அடில ஒட்டியிருக்கு, அதுவும் உங்க கையெழுத்துல. மூணாம் வருசப் பயலுவ, நாலாம் வருசப் பிள்ளைய, நீங்க, ஏசி ரிப்பேருக்கு வந்த ஆளு, அம்புட்டு பேரும் அங்கன இசக்கியம்மாள்தான். பேரு என்னோடது சார், கை யாரோடது? இப்படி மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டா என்னன்னுதான் இசக்கிக்கு இருந்துச்சு. ஆனா கேக்கல. சண்ட பூரா மண்டைக்குள்ளதான் நடந்துச்சு. வெளிய பாத்தா அவ ரெண்டாம் மாடி ஹால்ல நாலாவது வரிச பெஞ்சுல, ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்டர்னல் பரீட்சைக்கு, பேனா மூடியக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அறுபது பேரு குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தாவ. அருள்ராயன் சார், லேப் இன்சார்ஜ், அவளைத்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லுத அதே சாரு, இன்னைக்கு ஹால் சூப்பர்வைசரு. செருப்பு கிரீச் கிரீச்னு பெஞ்சுக்கு நடுவுல வரும், போவும், திரும்பி வரும். அந்தச் சத்தம் கிட்ட வரும்போதெல்லாம் இசக்கிக்கு முதுகுத்தண்டுல எறும்பு ஏறுத மாதிரி இருந்துச்சு. அவ பரீட்ச அட்டைக்குக் கீழ நாலா மடிச்ச ஒரு லெட்டர் இருந்துச்சு. சாரே டைப் அடிச்சுக் கொடுத்தது. மேற்படி கருவி விளக்கங்களை நானே மாற்றினேன், அதனால் ஏற்பட்ட இழப்புக்கு நான் ஒருத்தியே பொறுப்பு. கீழ ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ அவ பேரு. பரீட்ச முடியுத பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்து போட்டுக் கொடுக்கணும். போட்டா இந்த வருசம் பூரா லேப் பக்கம் தலவச்சுப் படுக்க முடியாது, ப்ராஜெக்டும் வேற யாருக்காவது போயிரும். போடலன்னா பிரின்சிபால், விசாரண, சஸ்பெண்டு, அம்மைய வரச்சொல்லி வாசல்ல நிக்க வைக்கிறது. மணி பதினொண்ணு ஆகப் போவுது. ஆடிக்காத்து சன்னல் கதவ அடிச்சுது. யாரோ எந்திரிச்சுக் கொக்கி போட்டாவ, அது மறுபடியும் அடிச்சுது.

மொத கேள்வி, டெட்லாக் என்றால் என்ன. நாலு பேரு ஒருத்தன் கையில இருக்கத இன்னொருத்தன் விடட்டும்னு காத்துக்கிட்டு அப்படியே நிக்கது, எவனும் விடமாட்டான், எவனும் நகரமாட்டான், எழுதிறலாம், இதுக்கு என்ன. ஆனா பேனா எழுதல. நாலு வரின்னு மட்டும் மூளைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாலே நாலு வரி சார். நான் எழுதினது நாலு வரி, இருந்தது ஒரு வரி. மேஸ்திரிக்கு என்ன தெரியும்? மேஸ்திரின்னு லேப்புல பேரு வச்சிருந்தது, சொன்னதப் படிச்சுத் தானே வேல பாக்குத ஒரு ஏஐ ஏஜென்டுக்கு. காலேஜுக்குன்னு சொந்தமா ஒரு சர்வர் உண்டு, லேப்புக்குப் பின்னால பழைய பீரோவுக்குப் பக்கத்துல, அதுக்குன்னே ஒரு டேபிள் ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கும். பிள்ளைய செஞ்ச ஆப் எல்லாம் வெளிய எவன் மிசின்லயும் இல்ல, அதுலதான் ஓடும். எதாவது ஒண்ணு நின்னு போச்சா, தமிழ்ல சொன்னாப் போதும், மேஸ்திரி பாத்துச் சரி பண்ணும். அதான் இசக்கியோட ப்ராஜெக்ட். அதுக்குக் கைகாலு மாதிரி பதினாலு டூல் கொடுத்திருந்தா, நிப்பாட்டுததுக்கு ஒண்ணு, திரும்ப ஓட விடுததுக்கு ஒண்ணு, அடியோட எடுத்துட்டுப் புதுசா நிறுவுததுக்கு ஒண்ணு, அப்படி. மேஸ்திரிக்குக் கண்ணு கெடயாது, போன வாரம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் கெடயாது, ஆப்புக்குச் சொந்தக்காரி ரெஜினா யாருன்னு தெரியாது. அதுக்கு முன்னால இருக்கது டூலோட பேரும், பேருக்குக் கீழ நாம எழுதுன விளக்கமும்தான். அதப் படிச்சுத்தான் எதக் கையில எடுக்கணும்னு முடிவு பண்ணும். எழுதினதுதான் அதுக்கு ஒலகம். எழுதாதது அதுக்குக் கெடயவே கெடயாது. இத இசக்கி எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல. ஹாஸ்டல்ல குளிக்கிற ரூம்பு வாசல்ல ஒரு சுச்சு உண்டு, அதுக்கு மேல பிளாஸ்திரி ஒட்டி தொடாதேன்னு எழுதியிருந்துச்சு. மொத வருசம் எல்லாவளும் அதத்தான் தொட்டாளுவ. லைட்டா இருக்கும்னு ஒருத்தி, ஹீட்டரா இருக்கும்னு ஒருத்தி, தொட்டா என்ன ஆகும்னு பாப்பமேன்னு கோமு. தொட்டா மேல் டேங்குக்கு ஏறுத மோட்டாரு நின்னுரும். மூணாம் மாடில தலை பூரா சோப்போட நின்னுக்கிட்டு எவட்டி அவன்னு கத்துவாளுவ. வார்டன் வந்து தொடாதேங்கத இன்னும் பெருசா எழுதிட்டுப் போனாவ. அப்பயும் தொட்டாளுவ. ஒரு நாளு இசக்கி அதப் பிச்சுப் போட்டுட்டு வேற எழுதினா: இது மோட்டாரு. அணைச்சா மூணாம் மாடிக்குத் தண்ணி வராது. மறுபடி ஏற ரெண்டு மணி நேரம் ஆகும். லைட்டு சுச்சு இடது பக்கம். அதுக்குப் பொறவு ஒருத்தி கை வைக்கணுமே! தொடாதேன்னா தொடுவாளுவ. தொட்டா என்ன போவும், திரும்ப வருமா வராதா, நீ தேடுதது எங்க இருக்குன்னு எழுதினா தொடமாட்டாளுவ. அம்புட்டுதான் சூத்திரம். அப்படித்தான் அந்தப் பதினாலு டூலுக்கும் எழுதினா, ராத்திரி பகல்னு பாக்காம, ஒரு வாரம். புதுசா நிறுவுத டூலுக்கு அவ எழுதினது இன்னைக்குக் கேட்டாலும் ஒப்பிப்பா: ஆப்பை அடியோட எடுத்துட்டு மறுபடி நிறுவும். அதுல சேத்து வச்ச தகவல் எல்லாம் போயிரும், பேக்கப்பும் அதே இடத்துலதான் இருக்கு, அதுவும் போயிரும், திரும்ப வராது. ஆப் தொங்குனா இத எடுக்காத, திரும்ப ஓட விடுத டூலை எடு, அதுலயும் சரியாகலன்னா நிப்பாட்டிட்டு ஆளக் கேளு. ஆப்போட சொந்தக்காரவிய சரின்னு சொன்னா மட்டும் இத எடு.

பின்னாலேர்ந்து ஸ்கேல் முதுகுல குத்துச்சு. "ஏட்டி இசக்கி, மூணாவது சொல்லு." கோமுதான். அவளுக்கு ஒலகம் அழிஞ்சாலும் மூணாவது கேள்வி வேணும். "தெரியாது." "பொய் சொல்லாத மூதி, உனக்குத் தெரியாமலா?" "தெரியாதுன்னா தெரியாது, சும்மா கெட." கிரீச் கிரீச். ரெண்டு பேரும் குனிஞ்சுக்கிட்டாவ. செருப்பு தாண்டிப் போச்சு, தலவலித் தைலம் மணந்துச்சு, மூணு நாளா அவிய மேல அந்த மணம்தான். நல்லா வலிக்கட்டும். வெட்டும்போது வலிச்சுதா? நாலு வரிய எடுத்துட்டு அங்கன வச்சது என்ன, ஆப்பைப் பழுதில்லாத நிலையில் புதிதாக நிறுவும். முடிஞ்சு போச்சு. முற்றுப்புள்ளி. பாக்க லெச்சணமாத்தான் இருக்கு. பொய்யின்னு ஒரு எழுத்துகூட அதுல கெடயாது, அதான் கொடும. பழுதில்லாமத்தான் நிறுவும், புதுசாத்தான் நிறுவும். என்ன போவும்ங்கத மட்டும் சொல்லாது. அவியளுக்கு இது புதுசும் இல்ல. நாங்க மொத வருசத்துலேர்ந்து எழுதுத ரெக்கார்டு நோட்டு அப்படித்தான இருக்கு? நோக்கம்னு ஒரு வரி. ரெண்டு வரி எழுதினா சிவப்பு மை. கடைசில இவ்வாறாக நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு முடிவு சரிபார்க்கப்பட்டதுன்னு ஒரு வரி. ஓடுன ப்ரோகிராமுக்கும் அதே வரி, ஓடாத ப்ரோகிராமுக்கும் அதே வரி, கரண்டு போயி மிசினே தொறக்காத அன்னைக்கும் அதே வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கோம். சீனியர் ரெக்கார்ட பாத்து நாங்க, எங்களப் பாத்து ஜூனியர். எவனும் படிக்க மாட்டான்னு தெரிஞ்சு எழுதி எழுதியே பழகுன கை எல்லாருக்கும். சாருக்கும் அதே கைதான், அவியளும் ஒரு காலத்துல ரெக்கார்டு எழுதினவியதான். வெள்ளிக்கிழம காலேஜப் பரிசோதிக்கக் கமிட்டி வருது, செவுத்துல ஒட்டுததுக்கு சார்ட்டு வேணும், டூலுக்கு ஒரு வரி இருந்தாத்தான் சார்ட்டுல அடங்கும், மேஸ்திரி படிக்குத லிஸ்டுலேர்ந்து அப்படியே பிரிண்டு எடுத்துறலாம்னு லிஸ்டையே வெட்டியாச்சு. ஆனா சார், இத மொதமொதலா ஒருத்தன் நெசமாப் படிக்கான். மேஸ்திரி படிக்கு. ஒரு எழுத்து விடாமப் படிச்சு, படிச்சபடி நம்பி, நம்புனபடி செய்யுது. ரெக்கார்டு எழுதுத கைய வச்சுக்கிட்டு அதுக்கு எழுதினா என்ன ஆகும்? வியாழக்கிழம மூணு மணிக்கு சார்ட்டைக் கொண்டாந்து… இந்த எடம் வரும்போது இசக்கியோட மனசு சட்டுனு வேற பக்கம் திரும்பிக்கிடுச்சு. இப்பம் மட்டும் இல்ல, மூணு நாளாவே அப்படித்தான். வியாழக்கிழம மூணு மணிங்கத எட்டும்போதெல்லாம் பள்ளம் பாத்த மாடு மாதிரி நின்னுக்கிடும். வேண்டாம், அத விடு, ரெண்டாவது கேள்வியப் பாரு. நினைவகப் பக்கமாக்கம். எழுதுட்டி. ஒரு வரி எழுதினா. அடிச்சா.

முன்னால ரெண்டு பெஞ்சு தள்ளி ரெஜினாவோட முதுகு தெரிஞ்சுது. எண்ண தேச்சுப் பின்னுன ஒத்தச் சட, ஊதா ரிப்பன். காலைல ஹால் வாசல்ல ரெண்டு பேரும் நேருக்கு நேர வந்துட்டாவ. ரெஜினா செவுத்தப் பாத்துக்கிட்டு ஒதுங்கிப் போனா, தெரியாத ஆளுக்கு வழி விடுத மாதிரி. ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். ரெஜினாவுக்கு ஊரு தெசயன்வெளைக்கு அங்கிட்டு, கடலோரம். பதினாலு மாசம், ஒவ்வொரு சனிக்கிழமயும், இருபத்திரெண்டு கெணறு. அவ அண்ணன் ஓட்டைப் பைக்க எடுத்துக்கிட்டு, தேரி மணல்ல தள்ளிக்கிட்டே போயி, ஒவ்வொரு கெணத்துலயும் தண்ணி எறச்சு மீட்டர முக்கி, எம்புட்டு உப்புன்னு போன்ல, அவ செஞ்ச கெணறு ஆப்புல ஏத்துவா. கடலு எம்புட்டு தூரம் உள்ள வந்துருக்குன்னு மாசாமாசம் தெரியும். எவளும் செய்யமாட்டா அந்த வேலைய. மழைன்னு இல்ல, வெயிலுன்னு இல்ல, ஒரு சனிக்கிழமகூட விடல, அவ பாட்டையா செத்த வாரம் தவிர. மொத ரெண்டு மாசம் நோட்டுலயும் எழுதிக்கிட்டு வந்தா. அத நிப்பாட்டச் சொன்னது யாரு? எதுக்குட்டி ரெண்டு வேல, ஆப் இருக்குல்லா, பேக்கப்பு இருக்குல்லான்னு சொன்னது யாரு? இந்த வாயிதான். வெள்ளிக்கிழம கமிட்டி போன பொறவு, சாயந்தரம் நாலரைக்கு, கெணறு ஆப் தொங்கிருச்சு. ரெஜினாவே மேஸ்திரிக்கு அடிச்சா: கெணறு ஆப் தொறக்கல, சரி பண்ணிக் கொடு. மேஸ்திரி மொதல்ல திரும்ப ஓட விட்டுப் பாத்துச்சு. ஆகல. லிஸ்ட்ட மறுபடியும் படிச்சுது. பழுதில்லாத நிலையில் புதிதாக நிறுவும். பழுதுங்காவ, பழுதில்லாம ஆக்குத டூல் இருக்கு, எந்த மடையன் வேண்டாம்பான்? இசக்கியா இருந்தாலும் அதத்தான எடுத்திருப்பா? பதினோரு விநாடி. லாகுல இருக்கு. பதினோரு விநாடில பதினாலு மாசத்தத் தொடச்சிட்டு, மேஸ்திரி மரியாதையா எழுதிச்சு: சரி செய்துவிட்டேன், ஆப் இப்போது நன்றாக இயங்குகிறது. நன்றாகத்தான் ஓடிச்சு. ரெஜினா சிரிச்சுக்கிட்டே தொறந்தா, "ஏட்டி உன் மேஸ்திரி கெட்டிக்காரன்ட்டி" அப்படின்னா. கிணறுகள்: பூஜ்யம். அளவுகள்: பூஜ்யம். முதல் கிணற்றைச் சேர்க்கவும்னு ஒரு பட்டன். அந்தச் சிரிப்பு மூஞ்சிலயே இருந்துச்சு செத்த நேரம், போறதுக்கு வழி தெரியாத மாதிரி. பொறவு கேட்டா, மெதுவா, சண்ட போடுத கொரல்ல இல்ல: "இசக்கி, இது எங்கட்டி போச்சு?" இசக்கி மேஸ்திரியோட லிஸ்ட்டத் தொறந்து பாத்துட்டு, சார்தான்ட்டி, சார்தான் வெட்டிட்டாருன்னு கத்துனா. கத்துனது பூரா நெசந்தான். நெசத்த அம்புட்டு சத்தமா கத்தணுமா என்ன?

காத்து கொக்கியத் தூக்கிருச்சு, சன்னல் டமார்னுது, ரெஜினாவோட தோளு துள்ளி அடங்குச்சு. பதினொண்ணு இருபது. இசக்கி லெட்டர அட்டைக்கு மேல எடுத்து வச்சா. போட்டுரு. அம்ம காலைல போன்ல சொன்னதும் அதான். ரேஷன் கடைல எடை போட்டுக்கிட்டே பேசுனா, ஊடால "அரிசி அடுத்த வாரம்தான்க்கா"ன்னு ஆருக்கோ பதில். "கையெழுத்துதான பிள்ள, போட்டுட்டு வந்துரு. படிப்புல்லா முக்கியம். பெரியவிய தப்பு பண்ணுனா நாம சொல்லவா முடியும்?" "நான் பண்ணலம்மா." "நீ பண்ணலன்னு எனக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும், பொறவென்ன? உன் வாயிக்கு எவன்ட்ட போயி நான் நிப்பேன்?" சாமிக்கு எங்க தெரியும்? சாமியும் ஹிஸ்டரியத்தான் பாக்கும், அதுல இசக்கியம்மாள்னு இருக்கும். பேனாவ எடுத்தா. கோட்டுக்கு மேல மொத எழுத்து இ. சுழிச்சுத் தொடங்குததுக்கு முன்னால கிரீச் வந்து பக்கத்துல நின்னுருச்சு. தைலம். இசக்கி நிமிரல. அவிய விரலு பெஞ்சுல ரெண்டு தட்டு தட்டுச்சு, லெட்டருக்குப் பக்கத்துல. "கொண்டாந்திருக்கேன் சார்" அப்படின்னா. விரலு போவல. "பன்னெண்டுக்குத்தான சார் சொன்னீய?" அப்பம்தான் அவ அந்த விரலப் பாத்தா. நகம் சதையோட கடிச்சிருந்துச்சு. இது என்ன, இவியளுக்கும் பயமா? சாரோடது வருசா வருசம் ஆர்டர் புதுப்பிக்கிற வேல, கமிட்டி ரிப்போர்ட்டுல இது ஏறிட்டா ஆர்டர் வராதுன்னு லேப் அட்டெண்டர் அக்கா சொன்னது நெனவுக்கு வந்துச்சு. எனக்குப் பாவமால்லாம் இல்ல சார், அதுக்கு வேற ஆளப் பாருங்க. உங்க பயத்துக்கு நான் கையெழுத்து போடணுமா? பயந்தா வெட்டுனத ஒத்துக்கிட வேண்டியதுதான? வெட்டுனேன், தப்பா போச்சுன்னு ஒரு வரி. உங்களுக்குத்தான் ஒரு வரின்னா ரொம்பப் பிடிக்குமே. தெரிஞ்சும் சொல்லாம மூடி வச்சிருக்கது என்ன புத்தி… செருப்பு நகந்து போச்சு. ஆனா அந்தக் கடைசி வார்த்த போவல. தெரிஞ்சும் சொல்லாம. தெரிஞ்சும் சொல்லாம. வியாழக்கிழம மூணு மணி. இந்தத் தடவ மனசு திரும்புததுக்கு எடம் இல்ல, ஒரு பக்கம் லெட்டர், ஒரு பக்கம் ரெஜினாவோட முதுகு. வியாழக்கிழம மூணு மணிக்கு சார்ட்டை ஒட்டுனது நான். நாலு மூலைக்கும் நான்தான் டேப்பு போட்டேன். சார்ட்டுக்கு மட்டும்தான் சுருக்கியிருக்காவன்னு நெனச்சு மிசினத் தொறந்து பாத்தேன். லிஸ்டுலயும் ஒத்த வரி. பதினாலுக்கும் பதினாலு ஒத்த வரி. பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன். பாத்துட்டு, சவம், அழகாத்தான் இருக்குன்னு நெனச்சேன். ஆமா, நெனச்சேன். கமிட்டிக்கு முன்னால என் பேரச் சொல்லுதேன்னு அவிய காலைலதான் தலையாட்டிட்டுப் போயிருந்தாவ, அந்த இளிப்பு வேற. திங்கக்கிழம திரும்பப் போட்டுக்கிடலாம், அதுக்குள்ள என்ன வந்துறப் போவுதுன்னு மூடிட்டேன். மூடிட்டு கேன்டீன்ல ரெஜினாவோட உக்காந்து போண்டா தின்னேன். அவ எதிர்லதான் இருந்தா. ஏட்டி, ரெண்டு நாளைக்கு மேஸ்திரிட்ட உன் ஆப்பைக் கொடுக்காதன்னு ஒரு வார்த்த. ஒத்த வார்த்த. சட்னி நல்லா இருக்குன்னு சொன்னேன்.

கண்ணு எரிஞ்சுது. அழுவைன்னு இசக்கி ஒத்துக்கிட மாட்டா, ஆடிக்காத்துல மண்ணு. "அடிஷனல் ஷீட்டு சார்" அப்படின்னு கையத் தூக்குனா. ஒரு கேள்விக்கும் பதில் எழுதாதவளுக்கு எதுக்கு அடிஷனல் ஷீட்டுன்னு அவிய பாத்த பார்வ தெரிஞ்சுது, ஆனாலும் வந்துச்சு. பதினொண்ணு அம்பது இருக்கும். எழுத ஆரம்பிச்சா. டைப் அடிச்ச லெட்டர் மாதிரி இல்ல, மேற்படியும் கெடயாது, நானேயும் கெடயாது. டூலுக்கு எழுதுத மாதிரி எழுதினா, ஒண்ணும் தெரியாத, எழுதினத அப்படியே நம்புத ஒருத்தன் படிக்கான்னு நெனச்சுக்கிட்டு. என்ன நடந்துச்சு. என்ன போச்சு, எது திரும்ப வராது. இதுல இசக்கியம்மாள் செஞ்சது எது, செய்யாதது எது. வியாழக்கிழமைக்கு வந்தப்பம் பேனா நின்னுச்சு. அந்த வரிய எழுதுனா சாருக்கு ஒரு கைப்பிடி கெடச்சுரும், பாருங்க இவளே ஒத்துக்கிட்டான்னு பிரின்சிபால்ட்ட தூக்கிட்டு ஓடுவாவ. எழுதாம விட்டா? விட்டா பொய்யின்னு ஒரு எழுத்து இருக்காது. லெச்சணமா இருக்கும். வெட்டின வரி எப்படியோ அப்படி. எழுதினா. பாத்தேன், சும்மா இருந்தேன், ரெஜினாட்ட சொல்லல. எழுத்து கோணிக்கிடுச்சு, அடிக்கல, கீழ கையெழுத்து போட்டா. மணி அடிச்சுது. பெஞ்சு இழுக்குத சத்தம், பயலுவ "மூணாவது என்னல, அவுட் ஆஃப் சிலபஸ்ல"ன்னு கத்துத சத்தம், கோமு பின்னாலேர்ந்து "நாசமாப் போவ, சொல்லாமயே விட்டுட்டியே"ன்னு புலம்புனா. சார் ஒவ்வொரு பெஞ்சா பேப்பர் வாங்கிக்கிட்டு வந்தாவ. இசக்கி பெஞ்சுல நின்னாவ. கைய நீட்டுனாவ, பேப்பருக்கு இல்ல, லெட்டருக்கு. இசக்கி எந்திரிச்சா. முட்டி பெஞ்சுல இடிச்சு வலிச்சுது. "லெட்டர் இதுதான் சார்" அப்படின்னு அடிஷனல் ஷீட்டத் தூக்குனா, அவிய கையில கொடுக்கல. "எல்லாரும் செத்த இருங்க." சன்னமாத்தான் வந்துச்சு கொரலு, ஒருத்தரும் திரும்பல. "எல, இருங்கலன்னு சொல்லுதேம்லா!" திரும்புனாவ. வாசல் வரைக்கும் போன நாலு பயலுவ அப்படியே நின்னானுவ. சாரோட கை நீட்டுனபடியே அந்தரத்துல நின்னுச்சு.

"ரெஜினா, இது மொதல்ல உனக்குத்தான்ட்டி. ஆப்புல இருந்த உன் கெணத்துக் கணக்கு பூரா போச்சு, பேக்கப்பும் போச்சு, நான் மூணு நாளா தேடிட்டேன், அது திரும்ப வராது. நோட்டு வேண்டாம்னு உன்ட்ட சொன்னது நான். மேஸ்திரிக்கு எழுதி வச்சிருந்த எச்சரிக்கைய வெட்டியிருக்கத நான் வியாழக்கிழமயே பாத்தேன். பாத்துட்டு உன்ட்ட சொல்லல. அழகா இருக்குன்னு நெனச்சு விட்டுட்டேன். அது என் தப்பு, அதுக்கு வேற யாருக்கும் பங்கு கெடயாது. அதுக்குக் கீழ கையெழுத்து போட்டுட்டேன்." ரெஜினா திரும்பிப் பாத்தா. மூணு நாளைக்குப் பொறவு நேரா பாத்தா. மன்னிக்கவும் இல்ல, செவுத்தப் பாக்கவும் இல்ல. இசக்கி சாரு பக்கம் திரும்புனா. ரொம்பப் பக்கத்துல இருந்தாவ. நெத்தில தைலம் வேர்வையோட மினுங்குச்சு. "வெட்டுனது நான் இல்ல சார். அதுக்குக் கீழ என் கையெழுத்து வராது, நீங்க சஸ்பெண்டு பண்ணுனாலும் வராது. இப்பம் நான் கேக்கேன். ரூம்புக்கு வான்னு கூப்புடாதீய, வரமாட்டேன். பிரின்சிபால்ட்ட பேசிக்கிடலாம்னு சொல்லாதீய. பதினாலு மாசமா தண்ணி எறச்சவ இங்கன நிக்கா, இந்த அறுபது பேரும் நிக்காவ. அந்த நாலு வரிய எடுத்தது யாரு? ஏன் எடுத்தீய? எல்லாருக்கும் கேக்குத மாதிரி, இங்கனயே, இப்பமே, சொல்லுங்க சார்."